ஆங்கில வினையும் தமிழ் இலக்கணமும்

ஜொகூர் மாநிலம் சிகாமட் மாவட்டத்தில், யோங் பெங்கிற்கும் லாபிசுக்கும் இடைப்பட்ட சிற்றூர் சாஆ. ஊரைச் சூழ்ந்து செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. இவ்வூர்த் தமிழ்ப் பிள்ளைகளுள் பலர் ஆறாண்டுக் காலம் தமிழ்ப்பள்ளியில் பயில்கின்றனர். பதின்மூன்றாம் அகவையில் தேசிய இடைநிலைப்பள்ளியின் படியேறுகின்றனர். மலாய்மொழியில் தடுமாறுவோருக்குப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாகும். அதன்பின் கணிதமும் வரலாறும் மலாயில். வீட்டுப் பேச்சு தமிழில். ஆங்கிலமோ கால அட்டவணையில் வந்துபோகும் சில பாடவேளைகளில் மட்டும். ஐந்தாம் படிவ முடிவில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும்போது, பதினோராண்டு ஆங்கிலம் படித்த அந்தப் பிள்ளைகளுள் பலர், நேற்று நடந்ததைப் பிழையற ஐந்து வரி எழுதத் திணறுகின்றனர்.

சான்றிதழ் பெறுவதற்கு ஆங்கிலத்தில் தேர்ச்சி கட்டாயமன்று. மலாய்மொழி கட்டாயம், 2013 முதல் வரலாறும் கட்டாயம். ஆங்கிலத்தையும் 2016 முதல் அவ்வரிசையில் சேர்க்க எண்ணிய அரசு, 2015இல் அதனைத் தள்ளிவைத்தது. சட்டம் விட்டுவிட்டதை வாழ்க்கை விடுவதில்லை. பல்கலைக்கழகத்தின் வாயிலிலும் ஆங்கிலம் நிற்கிறது. பாலங்கடந்து சிங்கப்பூருக்கு வேலை தேடிச் செல்வோரின் நேர்காணலிலும் நிற்கிறது. 2025 சனவரியில் ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கு இரு நாடுகளும் ஒப்பமிட்டன. அம்மண்டலத்தில் எழப்போகும் அலுவலகங்களில் சாஆப் பிள்ளைகள் மேசைமுன் அமர்வார்களா, காவற்கூண்டில் நிற்பார்களா என்பதைத் தீர்மானிப்பவற்றுள் ஆங்கிலமும் ஒன்று. ஆதலின் அம்மொழியின் வினைச்சொல்லைப் பற்றித் தலையங்கம் எழுதுவதை மிகையென்று எவரும் நகைக்க வேண்டுவதில்லை.

பிழைகள் எவை என்று முதலில் நோக்குவோம். 'யெஸ்டர்டே ஐ கோ' என்கிறான் ஒருவன். உண்டு முடித்ததைச் சொல்ல 'ஐ ஈட் ஆல்ரெடி' என்கிறாள் ஒருத்தி. படர்க்கை ஒருமையில் வினையின் ஈற்றில் வரவேண்டிய 'எஸ்' வருவதே இல்லை. இப்பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு அப்பால் செல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. பிட் கார்டர் என்னும் மொழியறிஞர் 1967இல் எழுதிய கட்டுரையொன்றில், கற்போரின் பிழை அவர் உள்ளத்தில் இயங்கும் ஓர் ஒழுங்கைக் காட்டும் சான்று என்று நிறுவினார். அவ்வாறு நோக்கின் மேற்காட்டிய பிழைகள் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும். மலாயில் வினைச்சொல் காலத்தால் உருமாறுவதில்லை. 'மாக்கான்' என்பது நேற்றைக்கும் 'மாக்கான்', நாளைக்கும் 'மாக்கான்'. முடிந்ததென்று காட்ட 'சுடா' என்னும் சொல்லும், நிகழ்ந்துகொண்டிருப்பதைக் காட்ட 'செடாங்' என்னும் சொல்லும் முன்னே வரும். சீனமும் ஏறத்தாழ இவ்வழியினதே. இது அம்மொழிகளின் குறையன்று. காலத்தை உணர்த்த அவை கொண்ட வேறொரு நெறி. 'ஐ ஈட் ஆல்ரெடி' என்பதில் 'ஆல்ரெடி' என்னும் சொல் 'சுடா'வின் வேலையைச் செய்கிறது. மலாய் மாணவன் இப்பிழையைச் செய்வதன் காரணம் தெளிவு.

தமிழ் மாணவன் ஏன் செய்கிறான்? வியப்பு இங்கேதான் உள்ளது. அவன் தாய்மொழியின் வினைச்சொல் காலங்காட்டாமல் நிற்பதே அரிது. வினை என்பதன் இலக்கணத்திலேயே காலத்தை வைத்தவர் தொல்காப்பியர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நின்று இறப்பு, நிகழ்வு, எதிர்வு காட்டும் இடைநிலைகளைத் தனித்தனியே எண்ணி வைத்தார். அந்நூல்களைச் சாஆச் சிறுவன் அறியான், அறிய வேண்டுவதுமில்லை. ஆனால் 'படித்தான், படிக்கிறான், படிப்பான்' என்று மூன்று காலத்தையும் ஆண்பால் பெண்பாலோடு வேறுபடுத்தி ஐந்து வயதிலேயே பிழையின்றிப் பேசுகிறான். 'படிக்கிறேன்' என்பதற்கும் 'படிக்கிறாள்' என்பதற்கும் ஈறு வேறு என்பதைச் சொல்லித்தர அவனுக்கு ஆசிரியர் வேண்டியிருக்கவில்லை. தமிழ்ப்பள்ளியின் கீழ்வகுப்புகளில் முக்காலமும், மேல்வகுப்புகளில் செய்வினை செயப்பாட்டுவினையும் நேர்க்கூற்று அயற்கூற்றும் பெயர் சொல்லிக் கற்பிக்கப்படுகின்றன. ஆங்கில வினையின் அமைப்பை விளங்கிக்கொள்ள ஒரு பிள்ளைக்குத் தேவையான கருத்துகளில் பெரும்பகுதி அவனிடம் முன்பே இருக்கிறது. இருந்தும், அவன் ஆங்கிலத்தை மலாயின் வழியாகவே சந்திக்கிறான். மலாயின் தடத்திலேயே வழுக்குகிறான். ஆங்கிலத்தில் எழுதுகையில் தன் இலக்கண அறிவை அவன் துணைக்கு அழைப்பதில்லை. அழைக்கலாம் என்று அவனுக்கு யாரும் சொன்னதுமில்லை.

தமிழ் எங்கே துணை நிற்கும், எங்கே காலை வாரும் என்பதை ஆசிரியர் துல்லியமாக அறிந்திருத்தல் வேண்டும். இப்பகுதியைச் சற்று விரித்தே கூறுகிறோம். பொதுப்படப் பேசிச் செல்வோர் மிகப் பலர். 'வந்துகொண்டிருக்கிறான்' என்பது ஆங்கிலத்தின் தொடர்நிகழ்காலத்தோடு பெரும்பாலும் பொருந்தும். 'வந்திருக்கிறான்' என்பதும், 'நான் போனபோது அவன் வந்திருந்தான்' என்பதும் அம்மொழியின் நிறைவுக் காலங்களுக்கு மிக நெருங்கியவை. வினையெச்சத்தோடு 'இரு' என்னும் துணைவினை சேர்ந்து, நிகழ்ந்து முடிந்த செயலின் விளைவு இப்போதும் நிற்பதை உணர்த்துகிறது. ஆங்கில இலக்கணத்தில் மாணவர் அஞ்சி நடுங்கும் பகுதி இதுவே. மலாய் மாணவனுக்கு இதனை விளக்க ஆசிரியர் கோடு கிழித்துக் காட்டவேண்டும். தமிழ் மாணவனுக்கோ 'வந்தான் என்பதற்கும் வந்திருக்கிறான் என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது' என்ற ஒரு வாக்கியம் பாதித் தொலைவு கடத்திவிடும்.

மற்றப் பாதியில் குழிகள் உள. 'போன ஆண்டு அவரைப் பார்த்திருக்கிறேன்' என்று தமிழில் தடையின்றிச் சொல்லலாம். ஆங்கிலம் குறித்த ஒரு காலத்தைச் சொன்ன பிறகு அவ்வடிவத்தை ஏற்காது; 'ஐ ஹேவ் சீன் ஹிம் லாஸ்ட் இயர்' என்பது அங்கே வழு. 'மூன்று ஆண்டுகளாக இங்கே படிக்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தாலேயே கூறிவிடுகிறோம். ஆங்கிலத்தில் நிறைவும் தொடர்ச்சியும் ஒருங்கே வரவேண்டும். 'வருகிறேன் என்றான்' என்று நாம் மேற்கோளில் காலத்தை அசைப்பதில்லை. ஆங்கிலம் அதனை இறந்தகாலத்துக்கு நகர்த்தும். எல்லாவற்றினும் பெரிய குழி எதிர்காலத்தில் உள்ளது. 'அப்பா காலையில் தேநீர் குடிப்பார்' என்பது நாளை நடப்பதைச் சொல்லவில்லை, நாள்தோறும் நடப்பதைச் சொல்கிறது. தமிழின் எதிர்கால இடைநிலை வழக்கத்தையும் உணர்த்தும். அதனை அப்படியே பெயர்க்கும் பிள்ளை 'ஹி வில் டிரிங்க் டீ எவ்ரி மார்னிங்' என்று எழுதுகிறது. ஆசிரியர் அதனை வெறும் கவனக்குறைவு என்று கருதிச் சுழிக்கிறார். தமிழறிந்த ஆசிரியர் அங்கே ஒரு நொடி நின்று, வழக்கத்தைச் சொல்ல ஆங்கிலம் நிகழ்காலத்தின் எளிய வடிவத்தை வைத்திருக்கிறது என்று காட்டினால், படர்க்கை ஒருமையில் 'எஸ்' ஏன் வருகிறது என்பதையும் அதே மூச்சில் காட்டிவிடலாம். 'குடிப்பார்' என்பதில் 'ஆர்' விகுதி எழுவாய்க்கு இசைந்து நிற்பதுபோல, ஆங்கில வினையும் அந்த ஓரிடத்திலேனும் எழுவாய்க்கு இசைகிறது.

இவ்விரு இலக்கணங்களும் ஒரே பிள்ளையின் மனத்தில் வாழ்ந்தும் ஒன்றையொன்று காணாமற்போனதற்கு வரலாறு உண்டு. 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு ஒன்று தொடங்கியது. ஆங்கிலமும் தமிழும் ஒரே கூரையின்கீழ் இருந்த அத்தொடக்கம் நிலைபெறவில்லை. தோட்டங்கள் பெருகியபின், கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட உரிமையாளர் பள்ளி அமைக்கவேண்டும் என்றது. அப்பள்ளிகள் தமிழில் எழுத்தும் கணக்கும் கற்பித்துத் தொழிலாளியின் பிள்ளையைத் தொழிலாளியாகவே வைத்திருக்கப் போதுமானவை. ஆங்கிலம் அங்கே விரும்பப்படவில்லை. ஆங்கிலப் பள்ளிகள் நகரங்களில் கட்டணத்தோடு இருந்தன. ஜொகூர் பாருவில் 1914இல் நிறுவப்பட்ட ஆங்கிலக் கல்லூரி, இன்று சுல்தான் அபு பக்கர் கல்லூரி, அத்தகையது. சிகாமட் மாவட்டத்துப் பால்மரத் தோட்டத்துப் பிள்ளைக்கு அது பயணத்தாலும் பணத்தாலும் தொலைவு.

விடுதலையை ஒட்டி நிலை மாறத் தொடங்கியது. ஆயினும் இணைப்பு ஏற்படவில்லை. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்பினுள் சேர்த்தது. 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழியாயின. 1980களின் தொடக்கத்தில் அம்மாற்றம் முழுமையுற்றது. ஆங்கிலம் பாடமொழி என்னும் நிலையினின்று பாடம் என்னும் நிலைக்கு வந்தது. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்க ஆணை பிறந்தது. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. ஆசிரியர்கள் இரவோடிரவாகக் கலைச்சொற்களை மாற்றிக்கொண்டனர். 2009இல் அதனைக் கைவிடும் முடிவு வெளியாயிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டில் இத்தனை திருப்பம். ஒவ்வொரு முறையும் எந்தப் பாடத்தை எம்மொழியில் நடத்துவது என்பதே வழக்காயிருந்தது. மூன்று மொழிகளையும் சுமக்கும் பிள்ளை ஒரு மொழியின் அறிவை மற்றொன்றுக்கு எவ்வாறு எடுத்துச் செல்வது என்னும் வினா அமைச்சின் மேசைக்கு வந்ததாக நாம் கண்டதில்லை.

இப்போதைய ஏற்பாடு ஐரோப்பிய மொழித்தரக் கட்டமைப்பைத் தழுவியது. 2015 முதல் 2025 வரைக்கான ஆங்கிலமொழிக் கல்விச் சீரமைப்புத் திட்டம், தொடக்கப்பள்ளி முடிவில் ஏ2 நிலையும் இடைநிலைப்பள்ளி முடிவில் பி1 அல்லது பி2 நிலையும் எய்த வேண்டும் என்று இலக்கு வகுத்தது. 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் படித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என நான்கு தாள்கள். கொள்கையளவில் இது நன்றே. பேச்சும் செவியும் தேர்வுக்குள் வந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் நூல்கள் அயல்நாட்டுப் பதிப்பகங்களிடமிருந்து வாங்கப்பட்டன. முதலிரு படிவங்களுக்கு வந்த 'பல்ஸ் 2' என்னும் நூல் ஐரோப்பியச் சிறாரின் வாழ்க்கையைக் கொண்டு ஆக்கப்பட்டது. இலக்கணம் அதில் உரையாடலுக்குள்ளும் செயல்களுக்குள்ளும் கரைந்து நிற்கிறது. வீட்டில் ஆங்கிலம் புழங்கும் கோலாலம்பூர்ப் பிள்ளை அதனைத் தானே வடித்தெடுத்துக்கொள்ளும். வகுப்பறையன்றி வேறெங்கும் ஆங்கிலம் கேளாத சாஆப் பிள்ளைக்கு அது கரைந்தே போகிறது.

ஆசிரியரைக் குறைகூறுவது எளிது. அது நம் நோக்கமன்று. நாடெங்குமுள்ள ஆங்கில ஆசிரியர் ஏறத்தாழ 70,000 பேரைச் சோதித்ததில் மூன்றில் இரு பங்கினர் எதிர்பார்த்த தேர்ச்சிநிலையை எட்டவில்லை என்று 2013இல் அரசுத் தரப்பே அறிவித்தது. அவர்களும் மேற்சொன்ன திருப்பங்களினூடே கற்று வந்தவர்களே.

வகுப்பில் ஆங்கிலமன்றி வேறு மொழி ஒலிக்கலாகாது என்னும் நம்பிக்கை பலரிடம் வேரூன்றியுள்ளது. 1961இல் உகாண்டாவின் மக்கேரேரேயில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிக் கூடிய மாநாட்டின் கருத்துகளோடு இது வலுப்பெற்றது. மொழியறிஞர் இராபர்ட் பிலிப்சன் 1992இல் எழுதிய நூலில் அதனை ஆராய்ந்து, ஒருமொழிப் பிழைக்கொள்கை என்றே பெயரிட்டார். அந்நம்பிக்கைக்கு ஆய்வுச் சான்றைவிட, தாய்மொழி அறியாத ஆங்கிலேய ஆசிரியரின் வசதியே அடிப்படை என்பது நம் கருத்து. இதனினும் கனமான மறுப்பு ஒன்று நம் பக்கத்திலிருந்தே எழுந்தது. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள பள்ளிகளில் ஆங்கிலக் கல்வியாளர் என்.எஸ். பிரபு நடத்திய முயற்சியில், இலக்கணம் விளக்கப்படவேயில்லை. வரைபடம் பார்த்து வழி சொல்லுதல், இரயில் அட்டவணையிலிருந்து நேரங் கணித்தல் போன்ற பணிகளைத் தந்தார். பொருளில் மனம் ஊன்றும்போது வடிவம் தானே உள்ளே படியும் என்பது அவர் துணிபு. அவர் கூற்றில் பெரிதும் உண்மையுண்டு. விதியை ஒப்பிப்பவன் பேசுவான் என்பதற்கு உறுதியில்லை. ஆயினும் நம் பிள்ளைகளின் உள்ளே படிந்திருக்கும் வடிவம் 'சுடா'வின் வடிவம். அது தவறாகப் படிந்துவிட்டபின், அதனை அசைக்க ஒரு சொல் விளக்கம் வேண்டும். அவ்விளக்கத்தைத் தாய்மொழியில் தருவதே சுருக்கமான வழி. ஒரு நிமிடம் தமிழ், மீதி நேரம் முழுதும் ஆங்கிலப் பணிகள் என்று வகுத்தால் பிரபுவோடும் நமக்குப் பூசல் இராது.

சொல்வளத்துக்கு வருவோம். பட்டியல் எழுதி, எதிரே மலாய்ப் பொருள் எழுதி, வாரக் கடைசியில் ஒப்புவிக்கும் முறை இன்னும் உயிரோடிருக்கிறது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1953இல் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். எல்லாச் சொல்லும் ஒரே பயனுடையன அல்ல, அடிக்கடி வருவதை முதலில் கற்பிக்க என்பதே அதன் சாரம். நம் நூல்கள் அவ்வரிசையைப் பேணுவதில்லை. அரிய சொல்லும் அன்றாடச் சொல்லும் ஒரே கட்டத்தில் அச்சாகின்றன. மலேசியப் பிள்ளைக்கு வேறொரு செல்வமும் உண்டு. 1956இல் ஜொகூர் பாருவில் தோன்றிப் பின் தலைநகருக்குப் பெயர்ந்த டேவான் பகாசா டான் புஸ்தாகா, மலாயின் கலைச்சொல்லாக்கத்தில் ஆங்கிலச் சொற்களைப் பேரளவில் உள்வாங்கியது. போட்டோசிந்தேசிஸ், டெமோக்ராசி, எக்கோனோமி என்று அறிவியலிலும் வரலாற்றிலும் பிள்ளை நாள்தோறும் படிக்கும் மலாய்ச் சொற்கள் ஆங்கிலத்தின் வேரினவே. அவற்றை ஆங்கிலப் பாடத்தில் யாரும் எடுத்துக் காட்டுவதில்லை; மாறாக எழுத்துக்கூட்டில் அவை பிள்ளையை இடறச்செய்கின்றன. மலாய் ஒலிக்குத் தக எழுதும் மொழி. அங்கே பேருந்தும் காவல்துறையும் அறிவியலும் எழுதப்படும் முறை வேறு, ஆங்கிலத்தில் வேறு. இரண்டையும் அருகருகே எழுதிக் காட்ட ஒரு பாடவேளை போதும்.

சுற்றுப்புறமும் சொல் தரும். சாஆவில் செம்பனைக் குலை அறுப்பதையும், லாரியில் ஏற்றுவதையும், ஆலையில் எடை போடுவதையும் அறியாத தோட்டத்துப் பிள்ளை இல்லை. ஆலைச் சீட்டில் அச்சாகும் எஃப்.எஃப்.பி. என்னும் மூன்றெழுத்தின் விரிவை (ஃபிரெஷ் ஃபுரூட் பஞ்ச், அதாவது புதிய பழக்குலை) அப்பிள்ளையிடம் கேட்டால் விழிக்கிறது. இத்தாலிய உணவகத்தில் உணவு கேட்கப் பயிற்றும் நூல், தந்தையின் கையிலுள்ள அச்சீட்டைப் படிக்கப் பயிற்றுவதில்லை. 'அறுத்தார், அறுக்கிறார், அறுத்துக்கொண்டிருந்தார், அறுத்து முடித்திருந்தார்' என்று ஒரு நாளின் தோட்ட வேலையை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் காலங்களும் சொற்களும் ஒருசேர வந்துவிழும்.

இனி யார், எங்கே செய்வது? இடைநிலைப்பள்ளி ஆங்கில வகுப்பில் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் கலந்திருப்பர். ஆசிரியர் தமிழறியாதவராக இருக்கலாம். அவரிடம் இதனை எதிர்பார்ப்பது முறையன்று. இதற்குரிய இடம் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளே. ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள. அவற்றின் ஆங்கில ஆசிரியர்களிலும் பெரும்பாலோர் தமிழர்; தமிழாசிரியரும் அவரும் ஒரே ஆசிரியர் அறையில் தேநீர் அருந்துகின்றனர். தமிழாசிரியர் நேர்க்கூற்று அயற்கூற்று நடத்தும் வாரத்தில், ஆங்கில ஆசிரியர் அதன் ஆங்கில இணையை நடத்துவதற்கு அமைச்சின் ஆணை எதுவும் தேவையில்லை. தலைமையாசிரியர் இருவரையும் அமரவைத்து ஓராண்டுக்கான பாடநிரலை ஒத்திசைத்தால் போதும். இடைநிலைப்பள்ளியிலோ, பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு என்னும் ஏற்பாட்டைப் பெற்றோர் பயன்படுத்தத் தயங்கலாகாது. கேட்காமல் விட்ட பள்ளிகளில் தமிழாசிரியர் பணியிடமே மறைந்துபோகிறது.

பெற்றோருக்கும் ஒரு சொல். தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் ஆங்கிலம் வராது என்று அஞ்சித் தேசியப் பள்ளிக்கு அனுப்புவோர் பலர். அவர்தம் அச்சத்தை இகழ்வது நேர்மையன்று, எஸ்.பி.எம். முடிவுகளைக் கையில் பிடித்து நிற்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு மேடைப்பேச்சால் விடை கூற இயலாது. தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளை ஆங்கில வினையில் பிழையற எழுதுகிறது என்று காட்டினால் ஒழிய, 'தமிழ்ப்பள்ளி நமது தேர்வு' என்னும் முழக்கம் தோட்டக் குடியிருப்பில் எடுபடாது.

2027ஆம் ஆண்டுக்கெனக் கல்வி அமைச்சு புதிய பள்ளிப் பாடத்திட்டத்தை வகுத்து வருகிறது. அதில் ஆங்கிலப் பாடக் கையேட்டோடு மலாய், சீன, தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் எங்கெங்கே இடறுவர் என்பதைக் காட்டும் சிறு பின்னிணைப்பு ஒன்றைச் சேர்க்கவேண்டும். தமிழ்ப் பகுதியை எழுதத் தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பிரிவில் ஆளுண்டு. ஆசிரியர் பயிற்சிக் கழகங்களிலும் ஆளுண்டு. இருபது பக்கம் போதும். அச்சிடும் செலவு ஓர் அயல்நாட்டுப் பாடநூலை நாடெங்கும் வாங்கும் செலவின் அருகே வாராது. அமைச்சு முன்வரத் தாமதித்தால், ஜொகூர்த் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள் இவ்வாண்டுப் பள்ளி விடுமுறைக்குள் கூடி, முதற் படியைத் தாமே எழுதி, சாஆ, லாபிஸ், பெக்கோக் வட்டாரப் பள்ளிகளின் ஆறாம் ஆண்டு வகுப்புகளில் சோதித்துப் பார்க்கலாம்.